வெந்நீரூற்றில் கால் வைக்கும் முன்

சிங்கப்பூரின் செம்பவாங் வெந்நீரூற்றுப் பூங்காவில் ஊற்றிலிருந்து வரும் நீரின் சூடு ஏறத்தாழ 70 டிகிரி செல்சியஸ். முட்டை அவிப்பதற்கென்றே அங்கு ஓரிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். முட்டையை அவிக்கும் நீர் காலை மட்டும் விட்டுவைக்குமா? அந்தச் சூட்டில் தோல் ஆழமாக வெந்துபோக ஒரு நொடியே அதிகம். 60 டிகிரியில் சுமார் 5 நொடி. 50-ஐ ஒட்டி இறங்கினால்தான் நிமிடக் கணக்கு. இதுவும் பெரியவர்களுக்குத்தான், குழந்தைகள், முதியவர்களின் தோல் மெல்லியது, அதற்குள்ளாகவே வெந்துவிடும்.

பூங்காவிலுள்ள படிக்கட்டுக் குளத்தில் நீர் மேல்தட்டிலிருந்து வழிந்து இறங்கும்போது ஆறி, அடித்தட்டில் 40 டிகிரி அளவுக்கு வருகிறது. அடித்தட்டிலேயே உட்காருங்கள். வாளியில் ஊறவைப்பதானால் முதலில் குளிர்ந்த நீர், அதற்குமேல் வெந்நீர். மாற்றிச் செய்தால், தண்ணீர் பாட்டிலை எடுக்க நீங்கள் திரும்பும் நேரத்தில் பிள்ளை காலை விட்டுவிடும். பத்து, இருபது வெள்ளிக்குக் கிடைக்கும் சமையல் தெர்மாமீட்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளலாம். 40-ஐத் தாண்டினால் வேண்டாம். அது இல்லையென்றால் சில சொட்டுகளை முன்கையில் தெளித்துப் பார்த்து, பிறகு முழங்கையை நனையுங்கள். பாதத்தை வைத்துச் சூடு பார்ப்பதுதான் ஆபத்து.

குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகளுக்கு. பல ஆண்டுச் சர்க்கரை பாத நரம்புகளை மரத்துப்போகச் செய்கிறது. "இதமாத்தான் இருக்கு" என்பார்கள். வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழற்றினால் குதிகாலில் கொப்புளம் நிற்கும். ரத்த ஓட்டமும் குறைவாக இருப்பதால் அந்தப் புண் ஆற மாதக்கணக்காகலாம், கிருமி புகுந்தால் விரலையே எடுக்க நேரலாம். மூட்டுவலிக்கு நல்லது என்று தாத்தா பாட்டியை அழைத்துப் போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் நீர் 38 டிகிரியே ஆனாலும் ஊறவைக்காமல் இருப்பதே நல்லது. ஈசூன் கோயிலில் பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுத்துக் கால் கொப்பளித்திருந்தால், அது ஆறும்வரை யாருக்குமே வேண்டாம். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் 15 நிமிடத்தோடு நிறுத்தி, மெதுவாக எழுந்திருங்கள்; சட்டென்று எழுந்தால் தலை சுற்றும்.

பள்ளி விடுமுறைக்கு அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்களுக்கு முழங்கைச் சோதனை உதவாது. செம்பவாங் நீர் பூமியின் ஆழத்துச் சூட்டில் காய்ந்து மேலே வருவது. யெல்லோஸ்டோனில் அடியில் பாறைக் குழம்பே இருக்கிறது. உயரமான இடமாதலால் அங்கு நீர் 93 டிகிரியிலேயே கொதிக்கும். 500-க்கும் மேற்பட்ட கெய்சர்கள், அதாவது கொதிநீரை மேலே எறியும் ஊற்றுகள், பீய்ச்சி அடிக்கின்றன. வெந்நீரில் வெந்து இதுவரை 20 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். குளத்தின் விளிம்பு திடமான தரைபோல் தெரியும். பல இடங்களில் அது கொதிநீரின் மேல் படிந்த மெல்லிய ஓடு. அங்குள்ள கிராண்ட் பிரிஸ்மாட்டிக் என்ற வெந்நீர்க் குளத்தின் ஓரத்திலுள்ள ஆரஞ்சு, பழுப்பு நிறங்கள் நுண்ணுயிர்களுடையவை. அழகுதான், ஆனால் ஆறிப்போன பகுதி என்று நம்பிவிடாதீர்கள்: ஆரஞ்சு வளையமே 65 டிகிரி இருக்கும். மரப்பாதையை விட்டு இறங்காதீர்கள். தொப்பியோ கைபேசியோ விழுந்தால், போனது போனதுதான். படமெடுக்கப் பின்னால் நடக்காதீர்கள். சின்னப் பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

எங்கே சுட்டாலும் முதலுதவி ஒன்றுதான். காலணி, சாக்ஸ், கொலுசு, மெட்டி எல்லாவற்றையும் வீங்குவதற்குள் கழற்றுங்கள். தோலில் ஒட்டிய துணியை மட்டும் இழுக்காதீர்கள். ஓடும் குழாய்நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். இரண்டு நிமிடத்தில் எரிச்சல் குறைந்ததும் நிறுத்திவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. உள்ளே இறங்கிய சூடு அதற்குள் தணியாது. உடனே செய்ய முடியாமல் போனாலும், 3 மணி நேரத்துக்குள் செய்தால் பலனுண்டு. ஐஸ், பற்பசை, மஞ்சள், சோயா சாஸ் எதுவும் வேண்டாம். மஞ்சள் பூசினால் புண்ணின் ஆழத்தை மருத்துவரால் பார்த்துக் கணிக்க முடியாது, கழுவி எடுப்பதும் வேதனை. பிறகு உணவை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளான க்ளிங் ராப்பை இறுக்கிச் சுற்றாமல் மேலே போர்த்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். முகம், கை, பாதம், பிறப்புறுப்பு ஆகியவற்றில் பட்டாலும், குழந்தைக்கோ சர்க்கரை நோயாளிக்கோ பட்டாலும் புண் சிறிதென்று காத்திருக்காதீர்கள். பரவலாக வெந்திருந்தால், சிங்கப்பூரில் ஆம்புலன்ஸுக்கு 995.