மாற்று எரிபொருள்: மாநகரசபை வண்டிக்கு எதை ஊற்றச் சொல்கிறது இந்தச் சொல்?

'மாற்று எரிபொருள்' என்று பேப்பரில் வந்தால் யாரும் அகராதியைப் புரட்டமாட்டார்கள். பெற்றோல், டீசல் இல்லாத ஏதோ ஒன்று, விளங்கிவிட்டது என்று அடுத்த செய்திக்குப் போய்விடுவோம். ஆனால் யாழ்ப்பாண மாநகரசபை நாளைக்கே குப்பை அள்ளும் உழவு இயந்திரம், தண்ணீர் பவுசர், தீயணைப்பு வண்டி எல்லாவற்றுக்கும் 'மாற்று எரிபொருள் தேவை, விலைமனு கோரப்படுகிறது' என்று விளம்பரம் போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மண்ணெண்ணெய்ப் பரலை உருட்டிக்கொண்டு வந்து நின்றாலும் அவரைத் திருப்பி அனுப்ப அந்தச் சொல்லில் இடமில்லை. பகிடி இல்லை. 1990இல் பொருளாதாரத் தடை வந்தபிறகு குடாநாட்டில் மண்ணெண்ணெய்தான் மாற்று எரிபொருள். சூப்பிப் போத்தலால் கொஞ்சம் பெற்றோலைக் காட்டி ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய ஏ40 கார்களையும் மோட்டார்சைக்கிள்களையும் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

சரி, சொல்லுக்கு வருவோம். இது 'ஆல்ரர்னேற்றிவ் ஃபியூவல்' என்பதன் தமிழாக்கம். முதற்பாதிக்கு வேர் லத்தீனில் 'அல்ரெர்', இரண்டில் மற்றது என்று பொருள். பிற்பாதி 'ஃபோகஸ்', அதாவது அடுப்பு. அதிலிருந்து அடுப்பு விறகுக்கு ஒரு சொல் வந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'ஃபியூவல்' ஆனது. நம்முடைய 'எரிபொருள்' வினைத்தொகை. எரிந்த, எரிகிற, எரியும் பொருள் என்று மூன்று காலத்துக்கும் நிற்கும். இப்போது மின்சாரத்தில் ஓடும் வண்டிக்கு மின்சாரமும் எரிபொருளா என்று ஒரு இலக்கணப்பிடியர் கேட்கலாம். 'லைற் எரியுது' என்று பேசுகிற ஊரில் அதைப் பெரிய வழக்காக்கத் தேவையில்லை என்பது என் கட்சி.

'மாற்று' கொஞ்சம் சிக்கலான சொல். தமிழில் அதற்குத் தங்கத்தின் தரம் என்றும் பொருள் உண்டு, பத்தரைமாற்றுத் தங்கம் என்கிறோமே அதுதான். உரைகல்லில் தேய்த்து 'மாற்று' பார்ப்பார்கள். எரிபொருள் வாங்கும்போது தேவைப்படுவது உண்மையில் இந்தப் பழைய பொருள்தான், நாமோ 'வேறு' என்கிற பொருளை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

இந்தத் தொடர் அரசாங்கக் கொள்வனவில் வேரூன்றியதற்கு அமெரிக்கச் சட்டங்கள் முக்கியமான காரணம். 1988இல் ஒரு சட்டம், பிறகு 1992இல் எரிசக்திக் கொள்கைச் சட்டம். பின்னதில் மத்திய, மாநில அரசுகள் புதிதாக வாங்கும் இலகுரக வண்டிகளில் குறிப்பிட்ட பங்கு மாற்று எரிபொருளில் ஓடக்கூடியதாக இருக்கவேண்டும் என்று விதித்து, எவையெல்லாம் மாற்று எரிபொருள் என்று ஒரு பட்டியலும் போட்டார்கள். மெதனோல், எதனோல், இயற்கை வாயு, புரொப்பேன், ஐதரசன், மின்சாரம். அதோடு நிலக்கரியிலிருந்து எடுக்கும் திரவ எரிபொருளும் இருக்கிறது! ஆகவே 'மாற்று' என்றால் 'பசுமை' என்று தானாக அர்த்தம் எடுக்கக்கூடாது. வெளிநாட்டு மசகெண்ணெயில் தங்கியிருப்பதைக் குறைப்பதுதான் அந்தச் சட்டத்தின் பெரிய கவலை.

அப்புறம் பயோடீசல், அதாவது தாவர எண்ணெய் போன்றவற்றிலிருந்து செய்யும் டீசல். சுத்தமான பயோடீசலுக்குத்தான் மாற்று எரிபொருள் என்ற தகுதி, 20 சதவீதம் கலந்த டீசலுக்கு இல்லை. ஆனால் 1998இல் ஒரு திருத்தம் வந்தது. 450 அமெரிக்கக் கலன் பயோடீசல் பாவித்தால், அதுவும் குறைந்தது 20 சதவீதக் கலவையாகப் பாவித்தால், ஒரு மாற்று எரிபொருள் வண்டி வாங்கியதற்குச் சமமாகக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். புது வண்டி வாங்கக் காசில்லாத இடங்களுக்கு வாய்ப்பான ஏற்பாடு. பி20 என்ற பெயர் அங்கே வண்டித் தரிப்பிடங்களில் அடிபடத் தொடங்கியதில் இதற்குப் பெரிய பங்குண்டு. 'பி'க்குப் பக்கத்தில் இருக்கும் எண் கலவையின் சதவீதம், வேறொன்றுமில்லை.

பயோடீசல் என்றால் எண்ணெயைத் தாங்கியில் ஊற்றுவது என்று பலர் நினைக்கிறார்கள். ருடோல்ஃப் டீசலின் இயந்திரம் 1900 பாரிஸ் கண்காட்சியில் நிலக்கடலை எண்ணெயில் ஓடியது உண்மை, அது பதப்படுத்தாத வெறும் எண்ணெய். பயோடீசல் வேறு. தாவர எண்ணெயையோ கடைகளில் வடையும் ரோல்ஸும் பொரித்து மிஞ்சிய எண்ணெயையோ மெதனோலுடன் ஒரு காரத்தைச் சேர்த்துத் தாக்கமடையவிட்டால் கிளிசரின் அடியில் பிரியும், மேலே நிற்கும் எசுத்தர்தான் பயோடீசல். 1937இல் பெல்ஜியத்தில் இதைப்போல எதனோலைக்கொண்டு செய்வதற்குக் காப்புரிமை எடுத்து, அடுத்த வருடமே பாம் எண்ணெய் எசுத்தரில் புருசெல்சுக்கும் லூவெயினுக்கும் இடையே பயணிகள் பஸ் ஓட்டிப்பார்த்தார்கள். பெயர்தான் பிந்தி வந்தது.

இன்னொன்று, 'ரினியூவபிள் டீசல்'. இதுவும் எண்ணெய், கொழுப்பிலிருந்துதான், ஆனால் ஐதரசன் சேர்த்துச் செய்வது. விளைவது எசுத்தர் இல்லை, சாதாரண டீசலைப் போன்ற ஐதரோகாபன். சான் பிரான்சிஸ்கோ நகரம் 2007இல் தன் டீசல் வண்டிகளைப் பி20க்கு மாற்றியது, 2015இல் அதை விட்டு இதற்குப் போனது. பயோடீசல் பழைய தாங்கியின் அழுக்கைக் கரைத்துக்கொண்டு வந்து பில்டரை அடைக்கும், இயற்கை றப்பர் குழாய்களை அரிக்கும், ஈரத்தை இழுக்கும், மாதக்கணக்கில் வைத்தால் கெடும். எங்கள் கடற்கரைக் காற்றில் பரலில் தேக்கிவைக்கிற எண்ணம் இருந்தால் கராஜில் வேலை செய்பவரை முதலில் கேட்கவேண்டும்.

பயோடீசலுக்குச் சரியான தமிழ் எது? இலங்கை வழக்கில் 'உயிர்ப்பல்வகைமை', 'உயிர்வாயு' என்று 'உயிர்' முன்னால் வரும், தமிழ்நாட்டில் 'உயிரி'. அதன்படி இங்கே 'உயிர்டீசல்', அங்கே 'உயிரி டீசல்', இரண்டும் நல்ல சொற்கள். ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. எங்கள் பாடப்புத்தகத்தில் 'உயிர்ச்சுவட்டு எரிபொருள்' என்றால் நிலக்கரியும் பெற்றோலியமும், 'உயிர் எரிபொருள்' என்றால் அதற்கு நேரெதிர். அவசரத்தில் வாசிக்கிற எழுதுவினைஞர் மாற்றிப்போட நல்ல வாய்ப்பு. 'டீசல்' ஒரு மனிதரின் பெயர், வாற்று, ஓம், அம்பியர் மாதிரி அப்படியே இருக்கட்டும்.

ரினியூவபிள் டீசலுக்குப் 'புதுப்பிக்கத்தக்க டீசல்' என்று போடலாம். இறக்குமதிப் பதிலீடு என்று பொருளியலில் படித்திருப்பீர்கள், அந்தப் 'பதிலீடு' இங்கே நன்றாகப் பொருந்தும். எஞ்சினில் கைவைக்காமல் டீசலுக்குப் பதிலாக ஊற்றக்கூடியது பதிலீட்டு எரிபொருள்; இயற்கை வாயு, மின்சாரம் மாதிரி வண்டியையே மாற்றவைப்பது மாற்று எரிபொருள். இரண்டையும் ஒரே சொல்லுக்குள் போட்டால் விலைமனுவில் லீற்றர் விலை மட்டும் தெரியும், வண்டிச் செலவு ஒளிந்துகொள்ளும். அதனால் நான் எழுதினால் தலைப்பில் 'மாற்று எரிபொருள்' வைத்துக்கொண்டு, உள்ளே 'உயிர்டீசல் பி20, ஏஎஸ்டிஎம் டி7467 தரத்துக்கு அமைவானது, எந்த எண்ணெயிலிருந்து செய்தது என்பதும் குறிப்பிடப்படவேண்டும்' என்று போடுவேன். ஏஎஸ்டிஎம் டி7467 என்பது இத்தகைய கலவை டீசலுக்கான அமெரிக்கத் தரக்குறியீடு.