கொலுசு ஏன் படத்தில் மஞ்சளாகத் தெரிகிறது?

சேலம் செவ்வாப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரர்கள், இளம்பிள்ளை சேலை வியாபாரிகள், ஏற்காட்டில் இரண்டு அறை கட்டி வாடகைக்கு விடுபவர்கள். டிசைன் வேலைக்காக என்னிடம் வருகிறவர்களில் இவர்கள்தான் அதிகம். எல்லோருக்கும் வியாபாரம் நடப்பது போனில் எடுத்த படத்தை வைத்து. எல்லோரும் கேட்பதும் ஒன்றைத்தான்: "சார், படத்தைக் கொஞ்சம் பளிச்சுன்னு ஆக்கிக் குடுங்க."

பளிச்சென்று ஆக்க ஒரு நிமிடம் போதும். ஆனால் படத்தில் ஜொலித்த சேலை வாங்கியவர் வீட்டில் வேறு நிறமாக இருந்தால் அது திரும்பி வரும். கூரியர் செலவும் நம் தலையில்தான். பொருள் கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ அப்படியே படத்திலும் தெரிய வேண்டும். அதற்கு வேண்டிய கருவிகள் நான்கைந்துதான், எல்லாமே காசில்லாமல் கிடைக்கின்றன.

முதலில் மென்பொருள். 'கிராக்' செய்த போட்டோஷாப்பைப் பென்டிரைவில் வாங்கி வந்து, அதை நிறுவுவதற்காக ஆன்டிவைரஸையே அணைத்து வைக்கிறார்கள். அதே கணினியில்தான் ஜிஎஸ்டி கணக்கும் நெட் பேங்கிங்கும் ஓடுகின்றன. எனக்கு இது பூட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பட்டறையில் வெள்ளி உருக்குவது போலத்தான் படுகிறது. நம் தேவைக்குக் கிம்ப் (GIMP) என்ற இலவசப் படத் திருத்த மென்பொருள் தாராளம். 1995இல் பெர்க்லியில் படித்த ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் எழுதத் தொடங்கியது. 2025 மார்ச்சில் இதன் 3.0 பதிப்பு வந்தது. கடையில் வைத்துச் சம்பாதிக்கவும் பயன்படுத்தலாம், யாரும் பில் கேட்டு வரமாட்டார்கள். ஒன்று மட்டும் கவனம்: கூகுளில் தேடி முதலில் வரும் விளம்பரத்தைச் சொடுக்காதீர்கள். 2022இல் கிம்ப் தளம் போலவே வேடமிட்ட ஒரு பக்கம் விளம்பரமாக வந்து, கடவுச்சொற்களைத் திருடும் நிரலை இறக்கிவிட்டது. முகவரியை நீங்களே தட்டுங்கள்: கிம்ப் டாட் ஆர்க் (gimp.org).

சரி, கொலுசுக்கு வருவோம். வெள்ளிக்கென்று தனி நிறம் கிடையாது; சுற்றி இருப்பதைத்தான் அது காட்டும். மஞ்சள் பல்பு எரிந்தால் மஞ்சள், காவி அடித்த சுவர் பக்கத்தில் இருந்தால் காவி, படம் எடுப்பவர் சிவப்புச் சட்டை போட்டிருந்தால் முத்துக்கு முத்து ஒரு சிவப்புப் புள்ளி. இதை எந்த மென்பொருளாலும் முழுதாக நீக்க முடியாது. ஜன்னல் வெளிச்சத்தில் கருநீலத் துணிமேல் கொலுசை வைத்து, இரண்டு பக்கமும் வெள்ளைச் சார்ட் பேப்பரை நிறுத்தி, டியூப்லைட்டை அணைத்துவிட்டு எடுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். டியூப்லைட்டும் ஜன்னலும் சேர்ந்து விழுந்தால் ஒரு பக்கம் ஒரு நிறம், மறுபக்கம் வேறு நிறம் என்று ஆகும். ஒரு சொடுக்கில் இரண்டையும் சரிசெய்ய வழியில்லை.

மீதி வேலைக்கு, படத்தின் வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிசெய்யும் 'லெவல்ஸ்'. கிம்ப்பில் 'கலர்ஸ்' மெனுவுக்குள் இருக்கிறது. திறந்தால் மூன்று சொட்டுக்குழாய்ப் படங்கள் தெரியும்: கருமைக்கு ஒன்று, சாம்பலுக்கு ஒன்று, வெண்மைக்கு ஒன்று. நமக்கு வேண்டியது நடுவில் உள்ள சாம்பல். அதை எடுத்து, படத்தில் நிறமே இல்லாமல் இருக்க வேண்டிய ஓர் இடத்தைத் தொட்டால், அந்த இடம் சாம்பலாகும்படி படம் முழுவதன் நிறத்தையும் அது நகர்த்தும். ஆனால் கொலுசையே தொடாதீர்கள், அதில் இருப்பது எதிரொளி. பொருளுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுத்து, அந்தத் தாளைத் தொடுங்கள். வெளிச்சம் அதிகமாகித் தாள் வெளுத்துப் போயிருந்தால் அதில் நிறத் தகவலே இருக்காது. நிழல் விழுந்த ஓரத்தைத் தொட வேண்டும். ஒரே இடத்தில் வரிசையாக நாற்பது சேலைகளை எடுக்கிறீர்களா? முதல் படத்தில் மட்டும் தாளை வைத்தால் போதும், போனில் வெளிச்ச அமைப்பை மாற்றாமல் இருக்க வேண்டும். அந்தத் திருத்தத்தைப் பெயர் கொடுத்துச் சேமித்து, மற்ற படங்களுக்கும் அப்படியே போடலாம்.

நிறத்தின் அடர்த்தியைக் கூட்டிக் குறைக்கும் 'சாச்சுரேஷன்' பக்கம் போகவே வேண்டாம் என்பது என் கட்சி. போனே நிறத்தைத் தூக்கித்தான் காட்டுகிறது. அதற்குமேல் நாமும் ஏற்றினால் அரக்கு நிறச் சேலையில் ஜரிகைக்குப் பக்கத்து மடிப்புகளெல்லாம் ஒன்றாகி, பெயிண்ட் பூசியது போல ஆகிவிடும்.

ஏற்காட்டுக்காரர்களுக்கு வேறு வகைத் தொல்லை. பனிமூட்டத்தில் எடுத்த படத்தில் முழுக் கறுப்பும் இருக்காது, முழு வெள்ளையும் இருக்காது. எல்லாம் நடுவில் குவிந்து கிடக்கும். லெவல்ஸில் தெரியும், கறுப்பிலிருந்து வெள்ளை வரை எது எவ்வளவு என்று காட்டும் வரைபடமும் நடுவில் ஒரு குன்று போலத்தான் இருக்கும். 'ஆட்டோ' பொத்தானை அழுத்தினால் மென்பொருள் அதைக் குறையாக நினைத்து, இரண்டு ஓரத்துக்கும் இழுத்துவிடும். பனி போய், அழுக்கு வானம் மிஞ்சும். வருகிறவர்கள் பார்க்க வருவதே அந்தப் பனியைத்தான்! இங்கே அந்த வரைபடத்துக்குக் கீழே உள்ள இடது ஓர முக்கோணத்தை மட்டும் ஒரு துளி உள்ளே நகர்த்துங்கள். பக்கத்தில் இருக்கும் சில்வர் ஓக் மரங்கள் கொஞ்சம் அழுத்தமாகும், தூரத்துப் பனி அப்படியே நிற்கும்.

அடுத்தது அளவு. வாட்ஸ்அப்பில் வந்த புரொஃபைல் படத்தைக் கொடுத்துப் பத்தடி ஃப்ளெக்ஸ் கேட்பவர்கள் இன்னும் வருகிறார்கள். படம் என்பது பிக்சல் என்ற சின்னச் சின்னப் புள்ளிகள்; படத்தில் இல்லாத பிக்சலை யாரும் புதிதாகக் கொண்டுவர முடியாது. பெரிதாக்கினால் மங்கும், அவ்வளவுதான். 4க்கு 6 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் அச்சடிக்க 1200க்கு 1800 பிக்சல் வேண்டும். தூரத்திலிருந்து பார்க்கும் ஃப்ளெக்ஸுக்கு அங்குலத்துக்கு 72 முதல் 100 வரை போதும். படத்தை அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள், சுருங்காமல் வரும்.

தேர்வு விண்ணப்பத்துக்கு 20 முதல் 50 கேபிக்குள் படம் கேட்டால் இதையே திருப்பிப் போட வேண்டும். பலர் பிக்சலைத் தொடாமல் தரத்தை மட்டும் குறைத்துக்கொண்டே போய், முகத்தில் கட்டம் கட்டமாக வரவைக்கிறார்கள். முதலில் 3.5க்கு 4.5 செ.மீ. விகிதத்தில் வெட்டி, 'ஸ்கேல் இமேஜ்' மூலம் 413க்கு 531 பிக்சலாகக் குறையுங்கள். விண்ணப்பத்தில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதைப் போடுங்கள். அகலத்தையும் உயரத்தையும் இணைக்கும் சங்கிலிக் குறி பூட்டியே இருக்கட்டும், இல்லையென்றால் முகம் நீண்டுவிடும். பிறகு ஜேபெக்காக ஏற்றுமதி செய்யும்போது முன்னோட்டத்தை இயக்கினால், தரத்தை நகர்த்த நகர்த்தக் கோப்பு எத்தனை கேபி என்று அங்கேயே காட்டும்.

புதிதாக வருகிறவர்கள் தடுமாறும் இடம் இதுதான். கிம்ப்பில் 'சேவ்' கொடுத்தால் ஜேபெக் வராது, எக்ஸ்சிஎஃப் என்ற அதன் சொந்தக் கோப்புதான் வரும். அதை அனுப்பினால் வாடிக்கையாளர் போனில் திறக்காது. அனுப்புவதற்கு 'எக்ஸ்போர்ட்', நாளை மறுபடி திருத்துவதற்கு 'சேவ்', இரண்டும் வேண்டும். ஜேபெக் படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு அதிகம் தெரியாததைக் கழித்துத்தான் சுருக்குகிறது. ஒரே ஜேபெக்கைத் திறந்து, திருத்தி, மறுபடி சேமிக்கும் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் போய்விடும். போனில் எடுத்த மூலப் படத்தை எப்போதும் தனி ஃபோல்டரில் கைபடாமல் வையுங்கள்.

அப்புறம், ஆதார் எண்ணை மறைப்பது. போனில் உள்ள ஹைலைட்டர் பேனாவால் கறுப்பாகக் கிறுக்கிவிட்டு அனுப்புகிறார்கள். அந்த மை பாதி ஒளி ஊடுருவும். வெளிச்சத்தை ஏற்றிப் பார்த்தால் எண் எழுந்து வரும். கட்டம் கட்டமாக மங்கவைப்பதும் பாதுகாப்பில்லை, ஒவ்வோர் இடத்திலும் இருக்கக்கூடியது 0 முதல் 9 வரை பத்தே இலக்கம் என்பதால் பொருத்திப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியும். செவ்வகத் தேர்வுக் கருவியால் எண்ணைச் சுற்றி, முழுக் கறுப்பை நிரப்பி, ஜேபெக்காக ஏற்றுமதி செய்யுங்கள். இன்னும் சுலபம், ஆதார் தளத்திலேயே கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு' ஆதாரை இறக்கிக்கொள்வது.

வெட்டிவிட்டால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். 2023இல் கூகுள் பிக்சல் போன்களின் திருத்தும் கருவியிலும் விண்டோஸ் 11இன் ஸ்னிப்பிங் டூலிலும் ஓர் ஓட்டை வெளிப்பட்டது. வெட்டி எறிந்ததாக நினைத்த பகுதி கோப்பின் வாலில் ஒட்டிக்கொண்டு, மீட்டெடுக்கும் நிலையில் இருந்தது. இரண்டையும் பிறகு சரிசெய்துவிட்டார்கள், ஆனால் அதற்குமுன் வெட்டிய படங்களை அந்தத் திருத்தம் தொடாது. பட்டறையில் எடுத்த படத்தோடு அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை சேர்ந்து போவதும் உண்டு; வெள்ளி இருக்கும் இடத்துக்கு நாமே வழி சொன்ன மாதிரி. ஏற்றுமதிப் பெட்டியில் 'எக்ஸிஃப்' என்ற இடத்தில் உள்ள டிக்கை நீக்கிவிட்டால் அது போய்விடும்.

கணினியே இல்லை, போன் மட்டும்தான் என்றால் ஸ்னாப்சீட் என்ற செயலி இலவசமாகக் கிடைக்கிறது. அதில் 'ஒயிட் பேலன்ஸ்' உள்ளே ஒரு சொட்டுக்குழாய் இருக்கிறது, வெள்ளைத் தாள் வித்தை அதிலும் செல்லும். பின்னணியைத் தானாக நீக்கித் தரும் இணையதளங்களில் கொலுசுப் படத்தை ஏற்றுவதில் தவறில்லை. அடையாள அட்டையையும் வீட்டுப் பிள்ளைகளின் படத்தையும் அங்கே ஏற்றாதீர்கள்.