மேலே இருக்கும் முந்திரியை மட்டும் எடுத்துவிட்டுக் கொடுக்காதீர்கள்

"முந்திரிய எடுத்துட்டுத்தான் மிஸ்ஸி குடுத்தேன்."

தீபாவளி நெருங்கினால், தாதிகளை மிஸ்ஸி என்று கூப்பிடும் எங்கள் ஒவ்வாமைப் பிரிவில் இந்த வாக்கியம் காதில் விழாமல் போகாது. சொல்கிற ஆள் மாறுவார்: பாட்டி, பெரியம்மா, பக்கத்து வீட்டு ஆன்ட்டி, சில நேரம் பெற்ற அப்பாவே. வாக்கியம் மட்டும் மாறாது. கடைசியாகச் சொன்னவர் ஒரு பாட்டி. முந்திரி ஒவ்வாமை இருக்கிற பேரனைச் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவான தேக்காவுக்குக் கூட்டிப்போய், ஒரு இனிப்புக் கடையில் பால்கோவா வாங்கியிருக்கிறார். மேலே பதித்திருந்த அரை முந்திரியை நகத்தால் கிள்ளி எடுத்து, டிஷ்யூவில் மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, மிச்சத்தை ஊட்டியிருக்கிறார். எம்ஆர்டி ரயிலுக்குப் போகிற வழியிலேயே பையன் இருமத் தொடங்கிவிட்டான். அப்புறம் வாந்தி, உதட்டில் வீக்கம், மூச்சுவிடும்போது விசில் சத்தம். இப்படி ஆனால் உடனே போடுவதற்காக அவனுக்கென்று வாங்கி வைத்த அட்ரினலின் ஊசி வீட்டில், குளிர்பதனப் பெட்டியின் மேல் பத்திரமாக இருந்தது.

பையன் நன்றாக இருக்கிறான். அடையாளம் தெரியாமல் இருக்க ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன். மாற்றாமல் எழுதினாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. எல்லாக் கதையும் ஏறக்குறைய இதே கதைதான்.

நான் குழந்தைகளுக்கான ஒவ்வாமைப் பிரிவில் தாதியாக வேலை செய்கிறேன். ஒவ்வாமை ஏன் வருகிறது, உடம்புக்குள் என்ன நடக்கிறது என்றெல்லாம் பாடம் நடத்தப் போவதில்லை. அதை உங்கள் மருத்துவர் படம் போட்டே சொல்லியிருப்பார். எனக்குப் பேச வேண்டியது அந்த அரை முந்திரியைப் பற்றித்தான்.

இனிப்புக் கடையில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, விலையைப் பார்க்காமல் வேலை நடப்பதைக் கொஞ்ச நேரம் பாருங்கள். காஜு கத்லி தட்டுக்குப் பக்கத்தில் பால் பேடா. அதற்குப் பக்கத்தில் மைசூர்பாகு. மூன்றுக்கும் ஒரே இடுக்கி. "அரைக் கிலோ மிக்ஸ்டு" என்று ஒருவர் கேட்டதும் கடைத் தம்பி அதே இடுக்கியால் கத்லியில் நாலு, பாதாம் பர்பியில் நாலு, லட்டுவில் இரண்டு என்று மளமளவென்று அடுக்குகிறார். அடுத்து நீங்கள். "வெறும் மைசூர்பாகு மட்டும் போதும் தம்பி" என்கிறீர்கள். அதே இடுக்கி வருகிறது. பெரிய துண்டாக இருந்தால் கத்லி வெட்டிய கத்தியும் வருகிறது. எடைத்தட்டில் விரித்திருக்கும் தாளில் முன்னே போனவரின் பிஸ்தாத் தூள் பச்சையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. மைசூர்பாகில் முந்திரியே இல்லை என்று மாஸ்டர் சூடம் அடித்துச் சத்தியம் செய்யலாம். அவர் சொல்வது உண்மைதான். உங்கள் கைக்கு வரும் மைசூர்பாகுக்கு அந்தச் சத்தியம் பொருந்தாது.

இது கண்ணுக்குத் தெரிகிற முன்பக்கம். பின்பக்கத்தில் முந்திரியை நெய்யில் வறுத்து, அந்த நெய்யோடு சேர்த்துத்தான் கேசரியிலும் அல்வாவிலும் கொட்டுவார்கள். லட்டுவில் உடைத்த முந்திரி பூந்திக்குள் ஒளிந்திருக்கும். ரசமலாயில் பிஸ்தாவும் பாதாமும் சீவலாகப் பாலில் மிதக்கும். குலாப் ஜாமூன் உருண்டைக்கு நடுவில் பிஸ்தா வைக்கிற கடைகள் உண்டு. முந்திரி விலை ஏறும்போது கத்லியில் வேர்க்கடலை மாவு கலப்பதும் இந்தத் தொழிலில் கேள்விப்படாத விஷயம் இல்லை. எல்லாரும் செய்கிறார்கள் என்று சொல்லவில்லை. வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குக் காஜு கத்லி கொடுக்க நினைப்பவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் சொல்கிறேன்.

முருங்கைக்காயைப் பொறுக்கி எடுத்துவிட்டால் சாம்பாரில் முருங்கைக்காய் வாசம் போய்விடுமா? பால்கோவாவும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரிந்த அரை முந்திரி போய்விட்டது; அது அழுத்தி வைத்த இடத்தில் ஒட்டியது போகவில்லை, தட்டில் உதிர்ந்த தூள் போகவில்லை, இடுக்கியில் வந்தது போகவில்லை. கடுமையான ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு இவ்வளவு போதும். "நெய்யில வறுத்தா அதோட வீரியம் போயிடும்" என்று ஒரு தாத்தா எனக்கே வகுப்பெடுத்தார். போகாது, தாத்தா. வேர்க்கடலையை வறுத்தால் ஒவ்வாமைத் தன்மை இன்னும் கூடுகிறது என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன.

காரம் பாதுகாப்பானது என்று நினைத்து முறுக்குப் பக்கம் நகர்கிறவர்களும் இருக்கிறார்கள். முறுக்கு மாவில் கொட்டை இருக்காமல் போகலாம். ஆனால் அதே எண்ணெயில் காலையில் முந்திரி பக்கோடா போட்டார்களா, மசாலாக் கடலை போட்டார்களா என்று கேட்டீர்களா? மிக்சர் பற்றிப் பேசவே வேண்டாம். கோதுமை சேராதவர்களுக்கு ஒரு உபரித் தகவல்: கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். அரிசி முறுக்கு என்று நம்பிச் சாப்பிட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இது தெரிவதில்லை.

"சிங்கப்பூர்ல எல்லாத்துக்கும் சட்டம் இருக்கே, லேபிள்ல போட்டிருப்பாங்களே?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. முன்கூட்டியே பொட்டலமாக்கி விற்கும் உணவில் வேர்க்கடலை, மரக்கொட்டைகள், பால், முட்டை, மீன், இறால், நண்டு போன்ற ஓடுள்ள கடலுணவு, சோயா, கோதுமை போன்ற க்ளூட்டன் உள்ள தானியம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் சல்ஃபைட் என்ற பதப்படுத்தும் பொருள் ஆகியவை இருந்தால் குறிப்பிட வேண்டும் என்பது விதி. ஆனால் உங்கள் கண்ணெதிரே எடைபோட்டுக் கட்டித் தரும் இனிப்புக்கு அந்த லேபிள் விதி பொருந்தாது. தட்டிலிருந்து எடுத்துத் தருவதில் எழுதி ஒட்ட இடமும் இல்லை. அங்கே கேட்க வேண்டியது நம் வாய்தான்.

கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை சிராங்கூன் சாலையில் நிற்க இடம் இல்லாதபோது, பின்னால் பத்துப் பேர் தள்ளிக்கொண்டிருக்க, "இதுல நட்ஸ் இருக்கா?" என்று கேட்டால் கிடைக்கிற பதில் "இல்லக்கா, வாசனைக்குக் கொஞ்சம்தான்" என்பதாகத்தான் இருக்கும். அந்தத் தம்பியைக் குறை சொல்லிப் பயனில்லை. பண்டிகைக்காக வந்து சேர்ந்தவராக இருக்கலாம். பல கடைகளுக்குச் சமையற்கூடம் வேறு இடத்தில். இனிப்பு செய்வதை அவர் பார்த்தே இருக்கமாட்டார். வார நாளில், காலையில் போங்கள். கல்லாவில் இருப்பவரிடம் இல்லாமல் மாஸ்டரிடமோ பொறுப்பாளரிடமோ கேளுங்கள். "நட்ஸ்" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காமல் முந்திரி, பாதாம், பிஸ்தா, வேர்க்கடலை என்று பெயர் சொல்லுங்கள். "பிள்ளைக்கு மூச்சு நின்னுடும்" என்று பச்சையாகவே சொல்லுங்கள்; "சேராது" என்றால் சளி பிடிக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள். "கடலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். கடலை மாவு கொண்டைக்கடலை வகையிலிருந்து வருவது, வேர்க்கடலை வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு, பஜ்ஜிக்குத் தடை போட்டுவிட்டுக் கடலை மிட்டாயை விட்டுவிட்ட வீட்டை எனக்குத் தெரியும். வட இந்தியக் கடையில் முந்திரி காஜு, வேர்க்கடலை மூங்ஃபலி. இந்தி வாயில் நுழையாவிட்டால் கைப்பேசியில் படத்தைக் காட்டுங்கள். இடுக்கி தனியா, எண்ணெய் தனியா என்பதையும் கேளுங்கள். பதிலில் துளி தயக்கம் இருந்தாலும் வாங்காமல் வந்துவிடுங்கள். கோபித்துக்கொள்ள அவர் உங்கள் சம்பந்தி இல்லை.

முந்திரி சேராத பிள்ளைக்குப் பெரும்பாலும் பிஸ்தாவும் சேராது. இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். "முந்திரிதானே கூடாதுன்னீங்க, இது பிஸ்தா" என்று வருகிறவர்களுக்காக இந்த வரி.

இன்னொரு நம்பிக்கை பரவிக்கொண்டிருக்கிறது. முந்திரியைப் பொறுக்குகிற பாட்டியாவது பயந்து பொறுக்கினார். இது தெரிந்தே செய்வது: "கொஞ்சம் கொஞ்சமா குடுத்துப் பழக்கினா சரியாயிடும், லண்டன்லயே கண்டுபிடிச்சிருக்காங்க." அவர்கள் சொல்வது 2015இல் வெளிவந்த லீப் ஆய்வு. கடுமையான எக்சிமா என்ற தோல் அழற்சி அல்லது முட்டை ஒவ்வாமை இருந்த கைக்குழந்தைகளுக்கு ஒரு வயது ஆவதற்கு முன்பே வேர்க்கடலை கலந்த உணவு கொடுக்கத் தொடங்கினார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு 5 வயதில் வேர்க்கடலை ஒவ்வாமை வெகுவாகக் குறைந்திருந்தது. அருமையான ஆய்வு. ஆனால் அது ஒவ்வாமை வராமல் தடுப்பதைப் பற்றியது. ஏற்கனவே ஒவ்வாமை உறுதியான பிள்ளைக்குத் தாத்தா கையால் கடலை மிட்டாய் ஊட்டுவதைப் பற்றியது இல்லை. சிறுகச் சிறுகக் கொடுத்துத் தாங்கும் சக்தியைக் கூட்டும் சிகிச்சை தனியாக இருக்கிறது. அதை மருத்துவமனையில், மில்லிகிராம் கணக்கில், பக்கத்தில் ஊசி மருந்தோடு நாங்கள் தொடங்குகிறோம். அப்போதும் எங்களுக்கு வியர்க்கிறது.

"எங்க காலத்துல இதெல்லாம் ஏது?" என்பதற்கும் ஒரு வார்த்தை. 1990களில் இங்குள்ள பிள்ளைகளிடம் உணவால் வரும் கடும் ஒவ்வாமைக்கு முக்கியக் காரணமாகப் பதிவானது, உணவாகச் சாப்பிடும் பறவைக்கூடு. பிற்பாடு வேர்க்கடலை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. காலம் மாறுகிறது, காரணமும் மாறுகிறது. நம் பிள்ளைகளுக்கு வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

பாட்டிமார்களிடம் கோபமாகப் பேச எனக்கு மனம் வருவதில்லை. பேரன் "எனக்கும்" என்று கையை நீட்டும்போது மறுப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். கோயிலில் சர்க்கரைப் பொங்கல் தொன்னையில் வரும்போது "பிரசாதம் ஒண்ணும் செய்யாது" என்று தோன்றுவதும் தெரியும். தொன்னையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நீங்களே சாப்பிட்டுவிடுங்கள். பிள்ளை விபூதி பூசிக்கொள்ளட்டும். அவனுக்கென்று வீட்டில், தனிச் சட்டியில், கொட்டை சேர்க்காத ரவா லட்டு செய்து ஒரு டப்பாவில் கையோடு எடுத்துப் போங்கள். அவன் கேட்பது உங்கள் கையால் ஒரு இனிப்பு. அதில் முந்திரி இருக்கிறதா என்று அவன் பார்க்கப்போவதில்லை.

கடைக்காரர்களுக்கு: சின்னப் பிள்ளையைப் பார்த்ததும் "டேஸ்ட் பாரு கண்ணு" என்று ஒரு விள்ளலை நேராக அதன் கையில் கொடுக்காதீர்கள். கூட வந்த பெரியவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். தட்டுக்குத் தட்டு தனி இடுக்கி வைக்க உங்களுக்கு எத்தனை வெள்ளி ஆகிவிடும்? முந்திரி, பாதாம், பிஸ்தா உள்ள தட்டுகளையாவது ஒரு ஓரமாக ஒதுக்கலாமே.

இத்தனைக்குப் பிறகும் நடந்துவிட்டால்? உதடு வீக்கம், உடம்பெல்லாம் தடிப்பு, அதோடு இருமல், குரல் கம்மல், மூச்சிரைப்பு, விடாத வாந்தி, துவண்டு போதல் என்று ஏதாவது சேர்ந்தால் உடனே அட்ரினலின் ஊசி. முதல் வேலை அதுதான். தொடையின் வெளிப்பக்கம், நடுவில். கால்சட்டை மேலேயே குத்தலாம். பிறகு ஆம்புலன்சுக்கு 995. கோடாலித் தைலம் தடவுவது, ஓமத் தண்ணீர் கொடுப்பது, அரிப்பு மருந்தைக் கொடுத்துவிட்டு "பார்ப்போம்" என்று உட்காருவது, எல்லாம் நேரத்தை விரயம் செய்வது. அரிப்பு மருந்து அரிப்பைக் குறைக்கும். அடைக்கிற தொண்டையைத் திறக்காது.

தேக்காவில் இன்னொரு ஆபத்து, பெண்கள், குழந்தைகளுக்கான கேகே மருத்துவமனை கூப்பிடு தூரத்தில் இருப்பது. பக்கம்தானே என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டோ, இன்னும் மோசமாக, நடக்க வைத்தோ ஓடுகிறார்கள். ஊசி போடாமல் ஓடாதீர்கள். பிள்ளையைப் படுக்க வையுங்கள், கால்களைச் சற்றுத் தூக்கி வையுங்கள். மூச்சுத் திணறினால் சாய்த்து உட்கார வைக்கலாம். எழுப்பி நிறுத்தக் கூடாது, நடக்க விடக் கூடாது. ஐந்து நிமிடம் கழித்தும் குறையாவிட்டால் இரண்டாவது ஊசி. குறைந்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். சில மணி நேரம் கழித்துத் திரும்ப வருவது உண்டு.

அந்த ஊசி இருக்க வேண்டிய இடம் பிள்ளை இருக்கிற இடம். குளிர்பதனப் பெட்டிக்குள்ளும் வேண்டாம், மேலேயும் வேண்டாம், வெயிலில் நிற்கும் காரிலும் வேண்டாம். பிள்ளையோடு யார் வெளியே போகிறாரோ அவர் பையில். பாட்டி போனால் பாட்டி பையில், பணிப்பெண் போனால் அவர் பையில், இருவருக்கும் போடத் தெரிந்திருக்க வேண்டும். கேட்டால் பயிற்சி ஊசி வைத்துச் சொல்லித் தருகிறோம், ஐந்து நிமிட வேலை. இன்றைக்கே எடுத்துக் காலாவதித் தேதியைப் பாருங்கள். முடிந்திருந்தால் இப்போதே வந்து மாற்றிக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முந்தின நாள் மாலை மூச்சுவாங்க வந்து நிற்காதீர்கள். வரிசை நீளமாக இருக்கும், எனக்கும் வீட்டில் முறுக்கு சுடுகிற வேலை இருக்கும்.