பல் கேட்ட உரிமம்

விடியற்காலை ஐந்து மணி, மீன் இறங்குதளம். கத்தாழை மீனின் தலையைப் பிளந்து, உள்ளே இருக்கும் வெள்ளைக் கல்லை இடுக்கியால் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு விசைப்படகுக்காரர் குனிந்து பார்த்தார்.

“என்ன மேடம், எல்லாரும் மீனை எடுத்துட்டுப் போறாங்க, நீங்க கல்லை எடுத்துட்டுப் போறீங்க?”

“வயசு பாக்கணும் அண்ணே. கல்லை அறுத்தா வளையம் தெரியும்.”

“லைசென்ஸ் இருக்கு. தடைக்காலம் அறுபத்தொரு நாளும் படகைக் கட்டித்தான் போட்டிருந்தோம். அப்புறம் வயசு எதுக்கு?”

நியாயமான கேள்வி. மீன்வள உயிரியலாளராக வேலை பார்க்கும் இத்தனை வருஷத்தில் அதிகாரிகள்கூட என்னிடம் இதைக் கேட்டிருக்கிறார்கள். அப்போதெல்லாம் நான் சொல்வது உலகத்தின் தென்கோடியில் நடந்த ஒரு சீல் வேட்டையின் கதை. சீல் என்றால் கடல்நாய். நம் கடலில் அது கிடையாது. ஆனாலும் உரிமம் என்ற காகிதத்தால் என்ன முடியும், என்ன முடியாது என்பதை அதைவிடத் தெளிவாக எனக்குக் காட்டிய வரலாறு வேறில்லை.

இடம் தென் ஜார்ஜியா. தென் அட்லாண்டிக்கில், ஃபாக்லாந்து தீவுகளிலிருந்து சுமார் 1,400 கிலோமீட்டர் தள்ளி, பனி மூடிய மலைகளும் குறுகிய கடற்கரைகளுமாகக் கிடக்கும் தீவு. 1775இல் கேப்டன் ஜேம்ஸ் குக் அங்கே இறங்கினார். கரையில் சீல்கள் இருக்கும் செய்தி அவர் எழுதியதிலிருந்து பரவியது. 1780களிலேயே வேட்டைக் கப்பல்கள் வந்துவிட்டன. 1800-01 பருவத்தில் எட்மண்ட் ஃபானிங் என்ற அமெரிக்கக் கேப்டனின் கப்பல் ஒன்று மட்டும் 57,000 உரோமச் சீல் தோல்களை ஏற்றிக்கொண்டு போனது. அந்தத் தீவிலிருந்து அதுவரை மொத்தம் 12 லட்சம் தோல்கள் போயிருக்கும் என்று 1825இல் ஜேம்ஸ் வெடல் கணக்குச் சொன்னார்.

வெடலும் சீல் வேட்டைக் கப்பலின் கேப்டன்தான். அதனால்தான் அவர் சொன்னதற்கு எடை அதிகம். அண்டார்க்டிகாவை ஒட்டிய தெற்கு ஷெட்லாந்து தீவுகளில் தாய்களைக் கொன்றதால் பால் குடிக்கும் குட்டிகளும் சேர்ந்து செத்தன என்று அவர் வருந்தி எழுதினார். தென் அமெரிக்காவில் லா பிளாட்டா ஆற்று முகத்தில் இருக்கும் லோபோஸ் தீவையும் எடுத்துக்காட்டினார். அங்கே மான்டிவிடியோ ஆளுநர் வேட்டையைக் குத்தகைக்கு விட்டிருந்தார். குறித்த காலத்தில் மட்டுமே பிடிக்கலாம், இனம் அழியக்கூடாது என்பது நிபந்தனை. அதே முறை ஷெட்லாந்தில் இருந்திருந்தால் வருஷாவருஷம் தோல் கிடைத்துக்கொண்டே இருந்திருக்கும் என்பது அவர் வாதம். தென் ஜார்ஜியாவில் கேட்பார் இல்லை. உரோமச் சீல் அங்கே அநேகமாக அற்றே போனது.

எண்ணெய்க்காகக் கொல்லப்பட்ட யானைச் சீலும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. அது தப்பித்ததற்கு உரிமமும் ஒரு காரணம். 1904இல் தென் ஜார்ஜியாவின் கரையில் கிரிட்விக்கென் என்ற இடத்தில் திமிங்கில நிலையம் வந்தது. 1909 கடைசியில் பிரிட்டிஷ் அரசு ஒரு மாஜிஸ்திரேட்டை அங்கே அனுப்பியது. அவ்வளவு பெரிய தீவில் அரசாங்கம் என்றால் முதலில் அவர் ஒருவர்தான். 1910 முதல், கிரிட்விக்கென்னை நடத்திய கொம்பானியா அர்ஜென்டினா டி பெஸ்கா நிறுவனம் உரிமத்தோடு யானைச் சீல் பிடித்தது.

நிபந்தனைகள் எளியவை. வளர்ந்த ஆணை மட்டும் கொல்லலாம். பெண்ணையும் குட்டியையும் தொடக்கூடாது. கடற்கரை நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு வருஷமும் மூன்றில் வேட்டை, ஒன்றுக்கு ஓய்வு. அடுத்த வருஷம் வேறொன்றுக்கு ஓய்வு. உச்சவரம்பு பின்னாளில் ஆண்டுக்கு 6,000 என்று நிலைத்தது.

ஆணை மட்டும் பிடி என்பதில் அர்த்தம் இருக்கிறது. வளர்ந்த ஆண் யானைச் சீல் மூன்று நான்கு டன் இருக்கும். பெண் ஒரு டன்னைக்கூட எட்டாது. வசந்தத்தில் கரையேறும்போது ஒரு பெரிய ஆண் பல பத்துப் பெண்களைத் தன் வசம் வைத்துக்கொள்ளும். தோற்ற ஆண்கள் ஓரமாகக் கிடக்கும். ஆகவே ஆண்களில் ஒரு பங்கை எடுத்தாலும் பிறப்பு குறையாது. எண்ணெயும் பெரிய ஆணிடம்தான் அதிகம், எனவே கம்பெனிக்கும் கசப்பில்லை. சட்டமும் லாபமும் ஒரே பக்கம் பார்க்கும் இடத்தில் விதியைக் கடைப்பிடிக்க வைப்பது சுலபம். எங்கள் கடற்கரையில் எனக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பது அரிது.

வேலை நடந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். இது கொலைத் தொழில், அதை மறைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆட்கள் ஆண் சீலைத் தண்ணீர் ஓரம்வரை ஓட்டிக்கொண்டு வருவார்கள். அத்தனை டன்னைக் கரையில் இழுக்க யாராலும் முடியாது, அதனால் அதுவே நடந்து வரவேண்டும். அங்கே தலையில் ஒரு குண்டு. பிறகு தோலோடு சேர்த்துக் கொழுப்பைப் போர்வை மாதிரி உரித்து, கயிற்றில் கோத்து, கடல் வழியாகக் கப்பலுக்கு இழுப்பார்கள். அந்த வேலை செய்த டயஸ், அல்பட்ரோஸ் என்ற கப்பல்கள் துருப்பிடித்து இன்னமும் கிரிட்விக்கென் கரையில் நிற்கின்றன.

சரி, விதி இருந்தது, பெரும்பாலும் நடந்தும் வந்தது. குறை எங்கே? 6,000 என்ற எண்ணில். அது சீல்களை எண்ணி வந்த எண் அல்ல. நான்கு பகுதிகளிலும் சீல்கள் சமமாக இல்லை. ஒரு பகுதி தாங்கும் வேட்டையை இன்னொரு பகுதி தாங்காது. 1940களின் கடைசியில் பிடிப்பு 6,000ஐயும் தாண்டிப் போனது. எண்ணெய் வந்துகொண்டுதான் இருந்தது. வரும் சரக்கை மட்டும் பார்ப்பவருக்கு ஆபத்து தெரியாது. என் வேலையில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்: கூடை நிறைகிற வரைக்கும் யாரும் கவலைப்படுவதில்லை, மீன் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துக்கொண்டே வந்திருக்கும்.

1951இல் ரிச்சர்ட் லாஸ் என்ற இளம் உயிரியலாளர் அங்கே வந்தார். அதற்கு முன் சிக்னி தீவில் யானைச் சீல்களோடு இருந்தபோதே ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். கோரைப் பல்லைக் குறுக்கே அறுத்து மெருகேற்றினால், வெட்டிய மரத்தில் தெரிவதுபோல வளையங்கள் தெரியும். யானைச் சீல் வருஷத்தில் இரண்டு முறை, இனப்பெருக்கத்துக்கும் பழைய உரோமத்தை உதிர்க்கவும், கரையேறிப் பட்டினி கிடக்கும். மற்ற நாளெல்லாம் கடலில் மேயும். பட்டினியும் மேய்ச்சலும் பல்லில் மாறி மாறிப் பதிந்துவிடுகின்றன. எண்ணினால் வயது.

கொல்லப்பட்ட ஆண்களின் பற்களை எண்ணியபோது, மிக இளைய ஆண்களே பிடிபடுவது தெரிந்தது. பெரியவை தீர்ந்துவிட்டால் வேட்டைக்காரன் சிறியதைத்தான் சுடுவான். எண்ணெய்க் கணக்கு காட்டாததைப் பல் காட்டிவிட்டது. 1952 முதல் விதிகள் மாறின. மொத்தம் மறுபடி 6,000க்கு வந்தது. ஒவ்வொரு பகுதிக்கும் அங்கிருக்கும் சீல்களுக்குத் தக்க தனி அளவு. கூடவே, வேட்டையாடியவற்றில் ஒரு பங்கிலிருந்து பற்களை எடுத்து ஒப்படைக்க வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனைதான் என்னைக் கட்டிப்போட்டது. பல் கேட்ட உரிமம்! அடுத்த வருஷம் எவ்வளவு பிடிக்கலாம் என்பதற்கான சாட்சியை இந்த வருஷம் பிடிப்பவர் கையிலிருந்தே வாங்கிவிடுகிறது. சில ஆண்டுகளில் பிடிபடும் ஆண்களின் சராசரி வயது ஏறியது, தலைக்குக் கிடைத்த எண்ணெயும் கூடியது. 1964இல் வேட்டை நின்றது, திமிங்கிலத் தொழில் படுத்துவிட்டதால். சீல் தீர்ந்துபோய் அல்ல.

அதே தீவில் திமிங்கிலத்துக்கும் உரிமம் இருந்தது. இருந்தும் 1904 முதல் 1965 வரை அங்கே அறுக்கப்பட்ட திமிங்கிலங்கள் 1,75,250. சீல் குட்டி போடக் கரைக்கு வந்தே ஆகவேண்டும், கரையில் அதிகாரி நிற்கலாம். திமிங்கிலம் கரைக்கு வருவதில்லை. 1925இல் பின்புறச் சாய்தளம் வழியே திமிங்கிலத்தை மேலே இழுத்து அங்கேயே அறுக்கும் ஆலைக் கப்பல் வந்ததும், வேட்டைக்காரருக்கும் கரை தேவைப்படவில்லை. உரிமம் கொடுத்தவரின் கை எட்டாத நடுக்கடலிலேயே எல்லாம் முடிந்தது.

வடக்கே, அலாஸ்காவின் பிரிபிலோஃப் தீவுகளிலும் இதே பிரச்சினை. 1870இல் அமெரிக்கா 20 ஆண்டுக் குத்தகை கொடுத்து, ஆண்டுக்கு 1,00,000 உரோமச் சீல் என்று வரம்பு வைத்தது. கரையில் ஆணை மட்டும் எடுத்தார்கள். கடலில் பிற நாட்டுக் கப்பல்கள் இரை தேடப் போன தாய்களைச் சுட்டன. 1911இல் அமெரிக்கா, கனடாவுக்காகப் பிரிட்டன், ஜப்பான், ரஷ்யா நான்கும் கையெழுத்திட்டுக் கடல் வேட்டையைத் தடைசெய்த பிறகுதான் கூட்டம் மீண்டது. அதற்குப் பதிலாகக் கனடாவுக்கும் ஜப்பானுக்கும் கரைப் பிடிப்பில் பங்கு கிடைத்தது.

அதனால் ஏதோ ஓர் உயிரினத்தைப் பிடிக்க அரசு உரிமம் கொடுத்தது என்று செய்தி படித்தால், எத்தனை என்ற எண்ணோடு நின்றுவிடாதீர்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது, பிடித்தவர் எதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், யார் அதைப் பிரித்துப் பார்க்கிறார்கள் என்றும் கேளுங்கள்.

தென் ஜார்ஜியாவில் இன்று சீல் வேட்டை இல்லை. உரோமச் சீல்கள், அதன் ஓரத்தில் இருக்கும் பறவைத் தீவில் எஞ்சிய சிறு கூட்டத்திலிருந்து லட்சக்கணக்கில் பெருகின. யானைச் சீல்களுக்கு இப்போது வேறு எதிரி: 2023இல் வந்து சேர்ந்த பறவைக் காய்ச்சல். தென் ஜார்ஜியா அரசு இன்று உரிமம் கொடுப்பது ஆழ்கடல் டூத்ஃபிஷ் மீனுக்கு. உரிமம் பெற்ற படகில் கண்காணிப்பாளர் ஒருவர் கூடவே போகவேண்டும். அவர் செய்யும் வேலைகளில் ஒன்று, மீன் தலையைப் பிளந்து கல்லை எடுப்பது.

இதையெல்லாம் அந்த விசைப்படகு அண்ணனிடம் டீக்கடையில் வைத்துச் சொன்னேன். நம் வெப்பக் கடல் மீன்களின் கல்லில் வளையம் அவ்வளவு தெளிவாக விழாது, அதனால் நிறையக் கல் வேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் போனபோது ஐஸ் பெட்டியின் மூலையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து நீட்டினார். உள்ளே எட்டு கத்தாழைத் தலைகள். பையின் மேல் மார்க்கர் பேனாவில், எந்தத் தேதி, எத்தனை பாகம் ஆழம் என்று எழுதியிருந்தார்.