காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று போட்டாலும் ஆபத்துதான்

மாற்றுச் சிறுநீரகத்தோடு நன்றாக இருந்தவர், காய்ச்சலும் வாய்ப்புண்ணுமாக வந்து சேர்கிறார். ரத்தத்தில் வெள்ளையணுக்கள் படுமோசமாகக் குறைந்திருக்கின்றன. விசாரித்தால், சில வாரங்களுக்கு முன் கால் பெருவிரல் வீங்கி, வேறெங்கோ யூரிக் ஆசிட் மாத்திரை தொடங்கியிருக்கிறார். இன்னும் எத்தனை பேரிடம் இதையே கேட்பது?

மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமலிருக்கத் தரும் அசதயோபிரினைச் சாப்பிடுபவர்களுக்கு, யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் அலோபியூரினால் என்ற மாத்திரையும் சேர்ந்தால், ரத்த அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜை படுத்துவிடும். அதே யூரிக் ஆசிட்டுக்குத் தரும் ஃபெபுக்சோஸ்டாட்டும் அப்படியே, புது மருந்து என்பதால் விதிவிலக்கு இல்லை.

"ரெண்டையும் சேர்த்துப் போடலையே டாக்டர், காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். இரண்டும் வயிற்றுக்குள் சந்தித்தால்தான் வம்பு என்று யார் சொன்னது? அசதயோபிரினிலிருந்து உண்டாகும் மருந்தைச் சிதைக்கும் நொதியை அலோபியூரினால் முடக்குகிறது. முடக்கும் பொருள் ஒரு நாளானாலும் உடலை விட்டு முழுதாகப் போகாது. சிறுநீரகம் மந்தமென்றால் இன்னும் அதிகம் தங்கும். தினமும் ஒரு மாத்திரை போட்டால் அந்த நொதி எழவே முடியாது. வடிகாலை அடைத்துவிட்டுத் தண்ணீரைக் காலையில் திறந்தால் என்ன, இரவில் திறந்தால் என்ன?

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. இரண்டு மருந்துகளும் 1988-இல் நோபல் பரிசு பெற்ற கெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் குழுவிடமிருந்து வந்தவை. அலோபியூரினாலை முதலில் சோதித்ததே மெர்காப்டோபியூரின் என்ற ரத்தப் புற்றுநோய் மருந்தின் வீரியத்தைக் கூட்டத்தான். அசதயோபிரின் உடலில் மாறுவதும் அந்த மெர்காப்டோபியூரினாகத்தான்!

சேர்த்தே தர வேண்டியிருந்தால் அசதயோபிரினை வழக்கமான அளவில் கால் அல்லது மூன்றிலொரு பங்காகக் குறைத்து, அடிக்கடி ரத்தம் பார்ப்போம். அல்லது நிராகரிப்பைத் தடுக்கும் வேறு மருந்தான மைக்கோஃபினோலேட்டுக்கு மாற்றுவோம். அதை உங்கள் உறுப்பு மாற்றுக் குழு முடிவு செய்யட்டும். பயந்துபோய் நீங்களாக அசதயோபிரினை நிறுத்திவிடாதீர்கள், உடல் உறுப்பை நிராகரித்துவிடும்.

வீக்கத்துக்குத் தரும் கோல்சிசினும் சாதுவல்ல. நிராகரிப்பைத் தடுக்கும் இன்னொரு மருந்தான சைக்ளோஸ்போரினோடு சேர்ந்தால் ரத்தத்தில் கோல்சிசின் அளவு ஏறி, வயிற்றுப்போக்கில் தொடங்கித் தசைகள் தளர்வது வரை போகும். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளை நீங்களாக வாங்கவே வாங்காதீர்கள். சைக்ளோஸ்போரினோ அதே வகை டாக்ரோலிமஸோ எடுப்பவருக்கு, கஷ்டப்பட்டுக் கிடைத்த சிறுநீரகத்துக்கே அடி.

எந்த மருத்துவரிடம் போனாலும் மருந்துப் பட்டியலை நீட்டுங்கள். பல் டாக்டரிடமும்தான். "மூட்டுவலிக்குத்தானே" என்று மறைக்க வேண்டாம், தயவுசெய்து. மாத்திரை தொடங்கியபின் காய்ச்சல், தொண்டைவலி, தோலில் காரணமில்லாத ரத்தக்கட்டு எது வந்தாலும் அன்றைக்கே ரத்த அணுக்களை எண்ணிப் பாருங்கள். அடுத்த செக்கப் வரட்டும் என்று உட்காராதீர்கள்.