மெய்க்கீர்த்திக்குக் கீழேயும் வாசியுங்கள்

வரலாற்று நாவல்களின் கையெழுத்துப் பிரதிகளைப் படித்துச் செம்மை செய்வது என் தொழில். சோழர் காலத்தைக் களமாகக் கொண்டு என் மேசைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை, ஏற்கெனவே வெளிவந்த வேறு நாவல்களிலிருந்து பிறந்தவை. அதே சதி, அதே சுரங்கப்பாதை, எல்லாம் அறிந்த அதே ஒற்றன். ஒருவர் கற்பனையாகப் படைத்த பாத்திரத்தை அடுத்தவர் நிஜ மனிதராகவே நம்பி எடுத்தாள்கிறார். சில ஆண்டுகளில் அது ‘கல்வெட்டு ஆதாரம்’ என்ற பெயரோடு கைப்பேசிகளில் உலவுகிறது.

கல்வெட்டு ஆதாரம் வேண்டுமென்றால் கல்வெட்டையே படிக்கலாமே! தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகள் 1890 முதல் அச்சில் வருகின்றன. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் இருக்கின்றன. ஆனால் புதியவர்கள் மெய்க்கீர்த்தியோடு நின்றுவிடுகிறார்கள். அது கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் அரசனின் வெற்றிப் பட்டியல். தோற்ற போர் அதில் இருக்காது. கதை அதற்குக் கீழே, நிலமும் நெல்லும் ஆடும் கணக்கிடப்படும் சலிப்பூட்டும் வரிகளில் இருக்கிறது.

கோயிலில் ஒரு நந்தா விளக்கு (அணையாமல் எரியும் விளக்கு) எரியப் பல இடங்களில் 96 ஆடுகள் தரப்பட்டன. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு என்ற பழைய அளவில் நெய் அளக்க வேண்டும். கல்வெட்டு அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்கிறது. ஆடுகள் செத்தாலும் கிழடானாலும் கணக்கில் எண்ணிக்கை குறையாது. மழை பொய்த்த ஆண்டில் மந்தை அழிந்த பிறகும் நெய் அளக்க வேண்டிய இடையரை நினைத்துப் பாருங்கள். இதைவிட நல்ல முதல் அத்தியாயத்தை நான் எந்தப் பிரதியிலும் படித்ததில்லை.

காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டை எல்லோரும் அறிவார்கள். ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் முதலானோரைக் குறிப்பிடும் ஆவணம் அது. முதலாம் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது கொலை நடந்து ஏறக்குறைய 15 ஆண்டுகளுக்குப் பிறகானது. ‘யார் தூண்டினார்கள்?’ என்ற கேள்வியோடுதான் எல்லாப் பிரதிகளும் அதை அணுகுகின்றன. கல்வெட்டுக்கு அந்தக் கேள்வியில் அக்கறை இல்லை. அதன் கவலையெல்லாம் நிலம். துரோகிகளின் சொத்தோடு அவர்களுடைய உடன்பிறந்தார், மக்கள், மாமன்மார், மண உறவினர் ஆகியோரின் சொத்தும் பறிக்கப்படுகிறது. பல ஆண்டுகளுக்கு முன் அந்தக் குடும்பத்தில் பெண் எடுத்த ஒருவன் ஒரு நாள் காலையில் நிலமற்றவனாகிறான். அவன் வீட்டில் அன்று என்ன பேசியிருப்பார்கள்? அதைக் கல்வெட்டு சொல்லாது. நாவலாசிரியரின் உரிமை அந்த இடத்தில் தொடங்குகிறது.

சரிபார்ப்பு என்றால் மிளகாயையும் புகையிலையையும் களைவது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இரண்டும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள்; 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்குவதற்கு முன்னால் இங்கே இல்லை. சரி, அதை எந்த வாசகரும் பிடித்துவிடுவார். நான் முதலில் பார்ப்பது நிலாவை. ராஜராஜனின் பிறந்த நாளான ஐப்பசிச் சதயத்தன்று இரவு கும்மிருட்டில் கொலைகாரன் பதுங்கி வருவதாக எழுதினால் கணக்கு உதைக்கும். ஐப்பசியில் சூரியன் துலாத்தில். சந்திரன் சதயத்தில் நின்றால் இடைவெளி ஏறத்தாழ 97 முதல் 140 பாகை. ஒரு திதிக்கு 12 பாகை. ஆகவே அன்று வளர்பிறை நவமிக்கும் துவாதசிக்கும் நடுவில் ஒரு நாளாகவே இருக்கும். முன்னிரவில் நல்ல வெளிச்சம். கொலைகாரன் நள்ளிரவு தாண்டிச் சந்திரன் மறையும்வரை காத்திருக்கட்டும். காட்சிக்கும் அது நல்லது. (மழைமேகம் என்று தப்பிக்கலாம். ஐப்பசிதானே, விட்டுவிடுகிறேன்.)

எவ்வளவு தேடினாலும் நாவலில் பாதிக்குமேல் கற்பனையாகத்தான் இருக்கும், அதில் குற்றமில்லை. எந்தப் பெயர்கள் கல்வெட்டில் உள்ளவை, எவை உங்களுடையவை, எந்த நிகழ்ச்சியின் ஆண்டைக் கதைக்காக நகர்த்தினீர்கள் என்று ஒன்றரைப் பக்கம் எழுதித் தாருங்கள். பார்த்த தொகுதியையும் கல்வெட்டு எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கச் செலவைக் காட்டிப் பதிப்பகத்தார் அதைக் கடைசியில் தள்ளப் பார்ப்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள், முதல் அத்தியாயத்துக்கு முன்னாலேயே அச்சிடச் சொல்லுங்கள்.