மஞ்சள் இறங்கிவிட்டது, இனி ஒரு கிளாஸ் போடலாமா?

"டாக்டர், ரிப்போர்ட் எல்லாம் நார்மல்னு சொல்லிட்டாங்க. தீபாவளிக்கு மட்டும் ஒரு பீர் போட்டா ஒன்னும் ஆகாதுல்ல?"

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங்கைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து என் கிளினிக்குக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்பது இதுதான். கேட்பவர் பெரும்பாலும் சுங்கை பட்டாணி பெரியாஸ்பத்திரியில் படுத்திருந்தவர். வயிற்றில் தேங்கிய நீரை எடுத்து, கண்ணில் மஞ்சள் தெளிந்து, வீடு திரும்பிச் சில மாதம் ஆகியிருக்கும். பசி எடுக்கிறது, சட்டை மறுபடி பொருந்துகிறது, நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். ஈரல் தழும்பேறி இறுகிப்போகும் சிரோசிஸ் வரை போனவருக்கு என் பதில் ஒன்றுதான்: ஒரு சொட்டும் வேண்டாம், ஆயுசுக்கும் வேண்டாம். காரணம் சொல்லாமல் இதைச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். அதனால் காரணத்தைச் சொல்கிறேன்.

அந்த நார்மல் ரிப்போர்ட்டில் இருந்தே தொடங்கலாம். தாளில் ஏஎல்டி, ஏஎஸ்டி என்று இருக்கும் எண்கள், ஈரலின் செல்கள் இப்போது எவ்வளவு சேதமாகின்றன என்பதைத்தான் காட்டும். ஏற்கெனவே எவ்வளவு தழும்பேறியிருக்கிறது என்பதைக் காட்டாது. சிரோசிஸ் முற்றியவருக்கும் அந்த எண்கள் நார்மலாக வரலாம். பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிய பெரியவர்களிடம் இதை நான் மரத்தை வைத்தே சொல்வேன். பட்டையை அளவாகச் சீவினால் பட்டை மறுபடி வளரும். கத்தி ஆழமாக இறங்கி மரத்தில் காயம் பட்டுவிட்டால், அந்த இடம் முண்டு முண்டாகத்தான் வளரும். அப்புறம் அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. சிரோசிஸ் வந்த ஈரலும் அப்படி முண்டு முண்டாகத்தான் இருக்கும். இதைச் சொன்னதும் அவர்கள் தலையாட்டுவார்கள், மேற்கொண்டு விளக்க வேண்டியிருக்காது.

தழும்பேறிய ஈரலுக்குள் குடலிலிருந்து வரும் ரத்தம் எளிதாகப் புகாது. அழுத்தம் ஏறி, உணவுக்குழாயின் அடியில் உள்ள ரத்தக் குழாய்கள் புடைக்கும். ஆஸ்பத்திரியில் வாய் வழியாகக் குழாய் விட்டு ரப்பர் வளையம் போட்டுக் கட்டுவது இவற்றைத்தான். சிரோசிஸ் உள்ளவர் குடித்ததும் இந்த அழுத்தம் இன்னும் ஏறும். "எப்போதாவது ஒரு தடவைதானே" என்ற சமாதானம் இங்கே செல்லாது. கட்டிய இடத்துக்குப் பக்கத்தில் புடைத்திருக்கும் இன்னொரு குழாய் வெடிப்பதற்கு அந்த ஒரு தடவை போதும்.

அடுத்து வரும் கேள்வி, மலிவுச் சாராயமான சம்சுவை வைத்து: "சம்சுவை விட்டுட்டேன் டாக்டர், பீர்தானே?" 5 சதவீத பீர் 320 மில்லி கேன் ஒன்றில் சுமார் 12 முதல் 13 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 40 சதவீதச் சாராயம் 150 மில்லியில் சுமார் 47 கிராம். அதாவது நான்கு கேன் பீர் குடித்தால் அந்தச் சாராயத்தைக் குடித்த கணக்குத்தான். ஸ்டவுட் என்ற கறுப்பு பீர் சத்து என்பதும், கள்ளு இயற்கை என்பதும் நம் ஆட்களிடம் ஊறிப்போன நம்பிக்கைகள். ஈரலுக்குப் போய்ச் சேருவது எல்லாவற்றிலும் ஒரே எத்தனால்தான். இந்தக் கெடாவில்தான் 1946, 47 வாக்கில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைகளுக்கு முன் மறியல் செய்தார்கள். கள்ளு தோட்டக் குடும்பங்களை என்ன செய்தது என்று கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள்.

குடியால் மட்டும்தான் ஈரல் கெடும் என்றில்லை. ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி கிருமி வந்தவர்களுக்கு நம் நாட்டில் நல்ல வழி பிறந்திருக்கிறது. 2017இல் அரசாங்கம் அந்தக் கிருமியைப் போக்கும் சோபோஸ்புவிர் மருந்துக்கு அரசுப் பயன்பாட்டு உரிமம் கொடுத்தது, அதாவது காப்புரிமை வைத்திருப்பவரின் சம்மதம் இல்லாமலே அதன் மலிவு வகையை வாங்க வழி செய்தது. 2018 முதல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் அந்தச் சிகிச்சை இலவசம். பெரும்பாலோருக்குக் கிருமி முழுதாகப் போய்விடுகிறது. ஆனால் அதற்கு முன்பே சிரோசிஸ் வந்திருந்தால், கிருமி போன பிறகும் ஈரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு இருக்கிறது. 6 மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கச் சொல்வது அதனால்தான். குடி அந்த வாய்ப்பைக் கூட்டும். ஹெபடைடிஸ் பி மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் இதே பதில்தான். ஈரல் மாற்று அறுவை செய்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், இன்னொருவர் கொடுத்த ஈரல் அது.

ஹெபடைடிஸ் ஏ, எலிக்காய்ச்சல் போன்றவற்றால் வந்த மஞ்சள் காமாலை வேறு கதை. அதில் ஈரல் பொதுவாகத் தழும்பில்லாமல் தேறிவிடும். ஆனாலும் முழுதாகத் தேறிவிட்டது என்று டாக்டர் சொல்லும்வரை தொடக்கூடாது. உங்களுக்கு வந்தது எது என்று டிஸ்சார்ஜ் தாளைக் காட்டிக் கேளுங்கள்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது கோயில் படையல்தான். முனியாண்டிக்கும் மதுரை வீரனுக்கும் சுருட்டோடு பாட்டிலும் வைப்பது நம் தோட்டத்து வழக்கம். பூசை முடிந்து கிளாஸ் கைமாறும்போது "சாமி பிரசாதம்ணே, வேண்டாம்னு சொல்லக்கூடாது" என்பார்கள். பல மாதம் கட்டுப்பாடாக இருந்தவர்கள் அந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். பூசாரி அண்ணன்களிடம் நான் நேரில் போய்க் கேட்டுக்கொண்டது இதுதான்: இன்னார் ஈரல் நோயாளி என்று தெரிந்தால் அவர் கையில் திருநீறும் பழமும் கொடுங்கள், கிளாஸ் அவர் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் மறுக்கவில்லை.

வீட்டுப் பெண்களுக்கு இரண்டு விஷயம். ஊரிலிருந்து வாங்கி வந்த "குடி மறக்கும் பொடி"யைத் தெரியாமல் குழம்பில் கலக்காதீர்கள். அதில் டைசல்ஃபிராம் போன்ற மருந்து இருந்தால், அதைச் சாப்பிட்டவர் குடிக்கும்போது ரத்த அழுத்தம் விழலாம். கெட்ட ஈரலுக்கு அந்த மருந்தே ஆபத்து. இன்னொன்று, தினமும் நிறையக் குடித்தவர் ஒரே நாளில் தானாக நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, இரண்டு மூன்று நாளில் மனப்பிரமைகூட வரலாம். அதனால் உயிரும் போகும். ஆஸ்பத்திரியில் சேர்த்து, வைட்டமின் பி1 கொடுத்து, மருந்தின் துணையோடு நிறுத்துவதுதான் வழி.

உடம்பு வலிக்குப் போன்ஸ்தான், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளைக் கடையில் வாங்கிப் போடாதீர்கள். சிரோசிஸ் உள்ளவருக்கு அவை சிறுநீரகத்தைக் கெடுக்கும், ரத்தக் கசிவும் வரவழைக்கும். பானடோல் (பாராசிட்டமால்) போடலாம், ஆனால் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளைக்கு 4க்கு மேல் வேண்டாம்.

குடியை நிறுத்தினால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு: உண்டு. வயிற்றில் நீர் தேங்கிய நிலையில் வந்தவர்களிலும் சிலர் குடியை அறவே விட்ட பிறகு, நீர் மாத்திரை குறைந்து, நடமாடி, வேலைக்கும் போகிறார்கள். தழும்பு முழுக்கப் போகாவிட்டாலும் மிச்சமுள்ள நல்ல பகுதி வேலையை ஏற்றுக்கொள்ளும்.

இடையில் யாராவது தவறிக் குடித்துவிட்டால் பயந்து அப்பாயின்ட்மென்டைத் தவிர்க்க வேண்டாம். வாருங்கள், உள்ளதைச் சொல்லுங்கள். திட்டமாட்டேன். கையை முன்னால் நீட்டி மணிக்கட்டை மேலே மடக்கச் சொல்லிப் பார்ப்பேன். கை படபடவென்று கீழே விழுந்து விழுந்து எழுந்தால் ஈரல் நஞ்சு மூளைக்கு ஏறுகிறது என்று சந்தேகப்படுவேன். வீட்டில் அதை முதலில் கவனிப்பது பெரும்பாலும் மனைவிதான். "பகலெல்லாம் தூங்கறாரு, ராத்திரி முழிச்சிருக்காரு, டீயில உப்பைப் போட்டுட்டாரு" என்று ஒரு அக்கா சொன்னபோது அன்றே அனுப்பி வைத்தோம். இப்படி இருந்தாலும், மலம் தார்போல் கறுப்பாகப் போனாலும், ரத்த வாந்தி எடுத்தாலும் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காதீர்கள். 999க்கு அடியுங்கள், அல்லது கிடைக்கிற காரில் ஏற்றி நேராக எமர்ஜென்சிக்குக் கொண்டு போங்கள். கடைசியாக எப்போது, எவ்வளவு குடித்தார் என்பதை அங்கே மறைக்காமல் சொல்லுங்கள்.